சைக்கிளில் குட்டிக்கரணம் போட்டால் சம்பளம் யார் தருவார்?



"மலருக்கு ஏதாவது தொழில்நுட்பக் கட்டுரை கொடு" என்று ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள் ரோபோவை ஒருவன் எடுத்துக்கொண்டான், சூரிய சக்தியை ஒருத்தி எடுத்துக்கொண்டாள், மின்சாரக் காரை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது சைக்கிள்! "அட, சைக்கிளா" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பால்காரர் சைக்கிள் அல்ல. இருபது அங்குலச் சக்கரம் வைத்த பி.எம்.எக்ஸ். சைக்கிள். அதை ஓட்டியே ஒருவர் பிழைக்க முடியுமா, முடியுமென்றால் எப்படி வளர்கிறார் என்பதுதான் விஷயம்.

கேள்வி என்னுடையதல்ல, என் அப்பாவுடையது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் அவருக்குச் சைக்கிள் கடை. தம்பி பதினொன்றாம் வகுப்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு, தான் பி.எம்.எக்ஸ். ப்ரோ ஆகப்போவதாக. அப்பா ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "ஏண்டா, சைக்கிள்ல குட்டிக்கரணம் போட்டா எவன்டா சம்பளம் குடுப்பான்?" தம்பி என்னைப் பார்த்தான். டிப்ளமோ படிக்கிற அண்ணனுக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை! எனக்கும் தெரியாது. ஆறு மாதமாகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு பிறந்த இடம் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா. 1970 வாக்கில் அங்கே மோட்டார் பைக்குகளை மண் மேட்டில் ஏற்றி இறக்கும் மோட்டோகிராஸ் பந்தயம் பிரபலம். பைக் வாங்கக் காசில்லாத பொடியன்கள் தங்கள் சின்னச் சைக்கிள்களிலேயே மண்மேடு தாண்ட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான் கதை. பி.எம்.எக்ஸ். என்ற பெயரே பைசைக்கிள் மோட்டோகிராஸ் என்பதன் சுருக்கம். இன்று இதில் இரண்டு பெரிய கிளைகள். ஒன்று ரேஸ்: எட்டுப் பேர் மேட்டிலிருந்து ஒன்றாகப் பாய்ந்து, ஏறத்தாழ 400 மீட்டர் மேடு பள்ளத்தைக் கடப்பது. நாற்பது விநாடி சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிடும்! 2008 பெய்ஜிங்கில் இது ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது. மற்றொன்று ஃப்ரீஸ்டைல்: ராம்ப்களில் ஏறி ஆகாயத்தில் வித்தை காட்டி, நடுவர்களிடம் மார்க் வாங்குவது. இது 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது.

இனி, மெக்கானிக்கல்காரன் என்ற முறையில் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. (மற்ற துறை நண்பர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம், ஆனால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.) சென்ற ஆண்டு வெளியூர்ப் பையன் ஒருவன் ஒரு ஃப்ரீஸ்டைல் சைக்கிளைப் பஞ்சர் ஒட்டக் கடைக்குக் கொண்டுவந்தான். மட்கார்டு இல்லை, காரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, கியர் இல்லை. "பாதி சாமானைக் கழட்டி வித்துட்டானா?" என்றார் அப்பா. ஆனால் சட்டத்தைத் தட்டிப் பார்த்தவர் சத்தத்திலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டார். அது 4130 குரோமோலி எஃகு. இரும்பில் சுமார் ஒரு சதவீதம் குரோமியமும், அதில் ஐந்தில் ஒரு பங்கு மாலிப்டினமும் சேர்ந்தது. குழாய்ச் சுவர் மெல்லியதாக இருந்தாலும் அடி தாங்கும். செயின் வீலோ குழந்தைச் சைக்கிளில் வருகிற அளவுக்குச் சின்னது. பழைய பி.எம்.எக்ஸில் முன்னால் 44 பல், பின்னால் 16 பல், விகிதம் 2.75. இப்போதைய ஃப்ரீஸ்டைல் சைக்கிளில் 25-க்கு 9, விகிதம் 2.78. மிதிக்கிற கனம் கிட்டத்தட்ட அதேதான்! ஆனால் எடை குறைகிறது. கைப்பிடிக் கம்பி மேல் சறுக்கும்போது செயின் வீல் இடிப்பதும் குறைகிறது. மனக்கணக்கில் ஒரு விகிதம்தான், அதற்குள் எத்தனை புத்தி பாருங்கள்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? விழுந்தவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமாக்காரர் மேட் ஹாஃப்மன், 1972-இல் பிறந்தவர். 1989-இல் கனடாவில் ஒரு போட்டியில், ஆகாயத்தில் சைக்கிளோடு இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கினார். அதுவரை போட்டியில் யாரும் செய்யாதது. அதே சமயத்தில் அமெரிக்காவில் பி.எம்.எக்ஸ். வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனிகள் ரைடர்களுக்குக் கொடுத்துவந்த பணத்தைக் குறைத்தன. அவர் தாவுகிற உயரத்துக்குக் கடையில் விற்கிற சைக்கிள்களும் தாங்கவில்லை. இன்னொருவராக இருந்தால் ஒதுங்கியிருப்பார். இவர் 1991-இல் சொந்தமாகச் சைக்கிள் கம்பெனியே ஆரம்பித்தார். போட்டிகளையும் தானே நடத்தினார். 2001-இல் 24 அடி உயர ராம்ப்பிலிருந்து கிளம்பி, அதற்கும் மேலே இருபத்தாறரை அடி எழும்பினார். தரையிலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பது அடி! இதைச் சொன்னபோது அப்பா உயரத்தை விட்டுவிட்டார். "சொந்தமா சைக்கிள் செஞ்சானா?" என்று மட்டும் கேட்டார். தொழில்காரர் காது அப்படி.

சரி, வித்தை எப்படிக் கைவருகிறது? தம்பி நினைத்தது தைரியம் இருந்தால் போதும் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்கத் தெரிகிறது, இது நம் ஒர்க்‌ஷாப் மாதிரி படிப்படியான வேலை. முதலில் தரையில் சைக்கிளைத் தூக்கிக் குதிக்கும் பன்னி ஹாப். அதுவே ஒழுங்காக வர மாதக்கணக்கில் ஆகும். ராம்ப்பில் குட்டிக்கரணம் பழகுவது ஸ்பாஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பெரிய குழியில். அங்கே தலைகுப்புற விழுந்தாலும் ஸ்பாஞ்சுக்குள்தான். பிறகு, ஸ்பாஞ்சு மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திய ராம்ப். இறங்கினால் உருளலாம், விழுந்தால் வழுக்கிக்கொண்டு போகலாம். கடைசியில்தான் மரம். ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கணக்கான முறை. குட்டிக்கரணம் தனியாக, பக்கவாட்டுச் சுற்று தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து. நேராக மரத்துக்குப் போகிறவன் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடுகிறான்.

இங்கிலாந்தின் சார்லட் வொர்த்திங்டன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மெக்சிகன் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். ஸ்கூட்டர் வித்தையிலிருந்து பி.எம்.எக்ஸுக்கு மாறியபோதே வயது இருபதை ஒட்டிவிட்டது. டோக்கியோ இறுதிச் சுற்றில் ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், சிறந்தது மட்டும் கணக்கு. முதல் வாய்ப்பில், போட்டியில் எந்தப் பெண்ணும் அதுவரை செய்யாத ஒன்றை முயன்றார்: முழுச் சுற்றும் குட்டிக்கரணமும் ஒன்றாக. விழுந்தார். இரண்டாவதில் பத்திரமாக ஓட்டிப் பதக்கத்துக்குப் பார்ப்பாரா? அதையே மறுபடி முயன்றார். இறங்கினார். 97.50 மார்க், தங்கம்! தம்பி இதை வீரம் என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழியிலும் ராம்ப்பிலும் பழகிப் பழகி, முதல் தடவை எங்கே பிசகியது என்று உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் சூதாட்டம்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளம் என்று ஒன்று பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. பரிசுப் பணம், சைக்கிள் உடை கம்பெனிகளின் ஸ்பான்சர், தன் பெயரில் விற்கும் உதிரிபாகத்துக்குப் பங்கு, விழாக்களில் காட்சி, பிள்ளைகளுக்குப் பயிற்சி, சில நாடுகளில் அரசு உதவி. இத்தனையையும் கூட்டித்தான் பிழைப்பு. அரசு உதவியும் உறுதியில்லை. இங்கிலாந்தின் பெத்தனி ஷ்ரைவர் 2017-இல் ஜூனியர் உலக சாம்பியன். ஆனால் அந்த ஒலிம்பிக்ஸ் சுழற்சியில் அந்நாட்டின் பி.எம்.எக்ஸ். நிதி ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அவர் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளராகப் பகுதிநேர வேலை பார்த்தார். தகுதிச் சுற்றுப் பயணங்களுக்கு 50,000 பவுண்டு தேவைப்பட்டபோது, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். டோக்கியோவில் 0.09 விநாடி வித்தியாசத்தில் தங்கம். அதே பெண், பாரிஸில் இறுதிப் போட்டி வரை வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் மறுபடியும் தங்கம் என்றே நினைத்தார்கள். இறுதியில் எட்டுப் பேரில் எட்டாவது! நாற்பது விநாடிப் பிழைப்பு இது.

அப்பாவுக்கு இவ்வளவையும் சொன்னேன். "அப்ப வேற வேலை பாத்துக்கிட்டேதான் ஓட்டுறாங்க" என்றார். ஆமாம் என்றேன். எதிர்ப்பு பாதி குறைந்த மாதிரி இருந்தது.

மீதிப் பாதி அம்மாவிடம் இருந்தது. அம்மா கேட்டது சம்பளத்தைப் பற்றியல்ல. "தலையில அடிபட்டா?" அவ்வளவுதான்.

இதற்கு மழுப்பிப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டேவ் மிர்ரா என்ற அமெரிக்கர், எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் 24 பதக்கம் வாங்கியவர், அவர் பெயரில் வீடியோ கேமே வந்தது. 2016 பிப்ரவரியில், 41 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பிறகு மூளையைப் பரிசோதித்த மருத்துவர்கள், திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுபவர்களுக்கு வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்ததாக உறுதி செய்தார்கள். பெரிய விபத்துகள் மட்டுமல்ல, "ஒண்ணுமில்ல, லேசா கிர்ருன்னுச்சு" என்று எழுந்து மறுபடி ஓட்டுகிற சின்ன அடிகளும் கணக்கில் சேரும் என்பதுதான் இதில் பயங்கரம். தலையில் அடிபட்டவர் மருத்துவர் சொல்லும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது என்கிறார்கள் இப்போது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுக்கத் தடுக்காது.

இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் அண்ணன் தங்கை: கை சகாகிபாரா, சாயா சகாகிபாரா. இருவருமே ரேஸ் வீரர்கள். டோக்கியோவுக்குச் சேர்ந்தே போக வேண்டியவர்கள். 2020 பிப்ரவரியில் பாத்தர்ஸ்ட் நகரில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் அண்ணன் விழுந்தார். தலையில் பலத்த காயம், வாரக்கணக்கில் கோமா. பேச்சும் நடையும் மறுபடி முதலிலிருந்து. தங்கை அண்ணனின் 77 என்ற எண்ணோடு டோக்கியோவில் ஓட்டினார்; அரையிறுதியில் அவரும் விழுந்தார். பிறகு தலையில் அடிபட்ட கோளாறுகளால், விட்டுவிடலாமா என்ற யோசனை வரை போயிருக்கிறார். விடவில்லை. 2024 ஆகஸ்டில் பாரிஸில் தங்கம் வாங்கினார்.

இதை வாசித்துக் காட்டியபோது தம்பி ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், "அந்தப் புள்ளையோட அம்மா எப்படி உக்காந்து பாத்தாளோ" என்றார். அண்ணன் விழுந்த விளையாட்டில் தங்கை ஓட்டுவதைப் பார்க்கிற அந்தத் தாயைப் பற்றி எந்தக் கட்டுரையிலும் நான் அதிகம் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு.

இப்போதைய நிலவரம் இதுதான். தம்பி பிளஸ் டூ முடித்து நம் பாலிடெக்னிக்கில் சேருவதாகச் சம்மதித்திருக்கிறான். முகம் மூடிய ஹெல்மெட், முழங்கால் முழங்கைக் காப்பு வாங்கிய பிறகுதான் சைக்கிள் என்று அப்பா சொல்லிவிட்டார். மயக்கமோ வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் மறைக்கக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. விபூதி வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதுவரை பழைய சைக்கிளில், கடைக்குப் பின்னால், ஒற்றைச் செங்கல் மேல் பன்னி ஹாப். பத்துத் தடவைக்கு நான்கு தடவை தாண்டுகிறான். பத்துக்குப் பத்தும் தாண்டினால் இரண்டு செங்கல்.

ஸ்பாஞ்சுக் குழிக்கு நான் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். எட்டு அடிக்குப் பத்து அடி, ஆழம் ஆறு அடி. துண்டுகள் எட்டு அங்குலக் கனசதுரமாக இருந்தால் நல்லது. ஹாஸ்டலில் கிழிந்த ஸ்பாஞ்சு மெத்தை வைத்திருக்கும் நண்பர்கள், தூக்கிப் போடுவதற்கு முன் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லவும். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.