‘மோதல்’ என்று எழுதினால் வெட்டியவர் யார்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரிச் சம்பவம் நடந்த சில நாட்களில், ஒரு நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையைப் படமெடுத்து ஒரு கல்லூரி மாணவி எனக்கு அனுப்பினாள். ‘அண்ணே, நமக்காக நல்லா எழுதியிருக்காங்க, படிச்சுப் பாருங்க’ என்று கீழே ஒரு வரி. படித்தேன். எனக்கும் கண் கலங்கியது. நான்கு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன்.

இரவில் மறுபடி படித்தபோதுதான் உறுத்தியது. கட்டுரையில் வேதனை இருந்தது, வெட்கம் இருந்தது, பிஞ்சு மனங்களில் நஞ்சு இருந்தது. வெட்டியது யார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

நடந்ததை நேராகச் சொல்லிப் பார்ப்போம். ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள் அதே பள்ளியின் இடைநிலைச் சாதி மாணவர்கள் புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அவர்கள் செய்துவந்த தொல்லை பற்றிப் பள்ளியில் புகார் போனது என்பதுதான் ஆத்திரத்துக்குக் காரணம். இந்த வாக்கியங்களில் யார், யாரை, என்ன செய்தார்கள் என்பது இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று படித்தோமே, அதேதான்.

கட்டுரையாளர் இதை ‘மாணவர்களிடையே மோதல்’ என்கிறார். மோதலுக்கு இரண்டு பக்கம் வேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் தப்பு செய்திருக்க வேண்டும். வீட்டில் இருந்தவனைத் தேடிவந்து வெட்டுவதில் இரண்டாவது பக்கம் எது?

அடுத்து வினைச்சொற்களைப் பாருங்கள். சாதி ‘தலைதூக்குகிறது’, பள்ளிக்குள் ‘ஊடுருவுகிறது’, விபரீதம் ‘நிகழ்ந்துவிடுகிறது’. மழை பெய்வதைப் போல, காய்ச்சல் வருவதைப் போல. யாரும் எதையும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடக்கிறது.

பிறகு அந்த ‘நாம்’. நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டுமாம். இந்த ‘நாம்’ என்பதில் வெட்டுப்பட்ட பிள்ளைகளின் அம்மாவும் உண்டா? அவர் எதற்கு வெட்கப்பட வேண்டும்? எல்லோர் தலையிலும் குற்றத்தைப் பங்கு வைத்தால் யார் தலையிலும் பாரம் தெரியாது.

கடைசியில் கயிறு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கையில் கலர் கயிறு கட்டுகிறார்கள், அதை அவிழ்த்தால் போதும் என்று கட்டுரை முடிகிறது. கயிறு வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை இதற்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மதச் சின்னத்தில் கை வைப்பதா என்று எதிர்ப்பு வந்ததும் அரசு பின்வாங்கியது. அதைக் கட்டுரையாளர் எழுதவில்லை. எழுதினால் யார் எதிர்த்தார்கள், யார் பின்வாங்கினார்கள் என்று ஆட்களைச் சொல்ல வேண்டிவரும்.

‘வார்த்தையில என்ன தோழர் இருக்கு?’ என்று சிலர் கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன்பு, அடிபட்ட ஒரு குடும்பத்தோடு காவல் நிலையத்துக்குப் போனேன். நாங்கள் எழுதிக்கொடுத்தது ‘சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள்’. அங்கே இருந்தவர் அதைத் திருத்தி, ‘வாய்த்தகராறு முற்றி இரு தரப்பினருக்கும் கைகலப்பு ஏற்பட்டது’ என்று எழுதி வாசித்துக் காட்டினார். மொழி நன்றாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன். அடுத்த நாள் அடித்தவர்கள் தரப்பிலிருந்தும் ஒரு புகார் பதிவானது. ‘இரு தரப்பு’ என்று ஏற்றுக்கொண்ட பிறகு எங்களால் என்ன பேச முடியும்? சமரசத்தில் முடிந்தது. அந்த வீட்டுப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதைக் கூலித் தகராறு, விவசாயிகள் மோதல் என்று சொன்னவர்கள் உண்டு. 1973-இல் உயர் நீதிமன்றம், இவ்வளவு வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி அவர்களை விடுவித்தது. எரித்தவர் இல்லாத வாக்கியம் தீர்ப்பாகவும் வரும்.

அந்த மாணவியோடும் அவள் தோழர்களோடும் உட்கார்ந்து கட்டுரையை வரி வரியாகப் படித்தோம். ‘அப்போ இவர் நமக்கு எதிரியா அண்ணே?’ என்று கேட்டாள். இல்லை என்றேன். அவருடைய இரக்கம் பொய்யில்லை. ஆனால், தன் தெருவை, தன் உறவை, தன் வாசகரைச் சங்கடப்படுத்தாமல் இரக்கப்பட முடிகிற இடத்தில் அவர் நிற்கிறார். 2019-இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, தாங்கள் பார்த்த இந்தி, ஆங்கில ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் ஒன்றில்கூடப் பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ இல்லை என்றது. நம்மைப் பற்றி எழுதும் மேசையில் நாம் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ தொடங்கியதும், அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியதும், அம்பேத்கர் 1920-இல் ‘மூக்நாயக்’ தொடங்கியதும் அதனால்தான்.

இனி எந்தக் கட்டுரையைப் படித்தாலும் ஒரு பேனாவோடு உட்காருங்கள் தோழர்களே. ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடு போட்டு, செய்தவர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் வட்டம் போடுங்கள். நம் துண்டறிக்கைகளையும் அப்படியே சோதியுங்கள். இந்தப் பதிவின் முதல் வரியில் நானே ‘சம்பவம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். கை பழகிவிட்டது. திருத்தாமல் விட்டிருக்கிறேன், நீங்கள் பார்க்க வேண்டும் என்று.

அந்த மாணவி கட்டுரையின் முதல் பத்தியை மட்டும், செய்தவர்களை எழுவாயாக வைத்துத் திருப்பி எழுதினாள். ஏழே வரி. ஆசிரியருக்குக் கடிதமாக அனுப்பினோம். இதுவரை வெளியாகவில்லை. அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஜெய்பீம்.