மேடன் நியூட்டன், 76-ல் ஒரு பங்கு

இங்கிலாந்தின் தென்மேற்கே, டார்செட் மாவட்டத்தில் மேடன் நியூட்டன் என்றொரு சிற்றூர். வேமவுத் துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை 1857 ஜனவரியில் அந்த ஊருக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அங்கிருந்து பிரிட்போர்ட்டுக்கு ஒரு கிளைப்பாதை பிரிந்தது. கயிறும் மீன்வலையும் செய்வதில் பரம்பரையாகப் பெயர் பெற்ற ஊர் பிரிட்போர்ட். பிரதான பாதையில் இன்றும் ரயில் நிற்கிறது. கிளைப்பாதை 1975-ல் மூடப்பட்டது. 1950-களில் அந்தச் சந்திப்பு இருந்த நிலையை மரப்பலகைகளின் மேல் திரும்பக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மாதிரி ரயில் சங்கத்தின் கூடத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு ரயில்கூட ஓடவில்லை. சுவரில் பழைய நில அளவைப் படம் ஒன்று. அதன் அருகே, எந்த வண்டி எப்போது வரும், எந்தச் சரக்குப் பெட்டியை எங்கே கழற்றும் என்று கையால் எழுதிய பட்டியல். பாதை வரைபடம் போடுபவர் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார். "வண்டி என்ன வேலை செய்தது என்று தெரியாமல் ஒரு தண்டவாளமும் போடமாட்டேன்" என்றார். நிலக்கரி எந்தப் பக்கப்பாதையில், அதாவது சைடிங்கில், இறங்கியது, வலைக்கட்டுகள் வந்த பெட்டியைப் பிரதான பாதை வண்டியோடு எப்படிச் சேர்த்தார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அவர் பென்சிலை எடுக்கிறார்.

அவர்கள் பின்பற்றுவது ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவு. அதாவது 76.2-ல் ஒரு பங்கு. நிஜத்தின் 1435 மில்லிமீட்டர் அகலப் பாதை இந்தக் கணக்கில் 18.83 மில்லிமீட்டர் ஆகிறது. கடையில் பரவலாகக் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீட்டர்தான், நிஜ அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் பாதை ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் ஒடுங்கிவிடுகிறது. விளையாட்டுப் பெட்டியோடு வரும் வளைவுகள் இன்னும் மோசம். 438 மில்லிமீட்டர் ஆரம் என்பது நிஜத்தில் 33 மீட்டர். எந்தப் பிரதான பாதை எஞ்சினும் அதில் திரும்பாது. ஆகவே பாதையையும், அது இரண்டாகப் பிரியும் பாயிண்டுகளையும் தாங்களே செய்கிறார்கள். இரண்டு தண்டவாளங்கள் கூராகச் சேரும் மூக்கை ஓர் இளைஞர் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி ராவுவார். அந்த மூக்கில் முடியளவு பிசிறு இருந்தாலும் சக்கரம் ஏறிவிடுமாம்.

சங்கத்தில் சிக்னல் கேபினில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வரைபடத்தில் அவர் செய்யும் வேலை பெரும்பாலும் அழிப்பதுதான். மாதிரி ரயில் கட்டுபவர்களுக்குப் பாயிண்டு என்றால் ஆசை, கிடைத்த இடத்திலெல்லாம் வைத்துவிடுவார்கள். நிஜ ரயில்வேக்கோ ஒவ்வொரு பாயிண்டும் செலவு, பராமரிப்பு, ஆபத்து. வண்டி எதிர்கொண்டு வந்து இரண்டில் ஒரு வழியைப் பிடிக்கும் பாயிண்டுகளைப் பயணிகள் பாதையில் இயன்றவரை தவிர்க்கச் சொல்லி அரசு ஆய்வாளர்கள் வற்புறுத்தினார்கள். அதனால் பிரிட்டனில் பல சரக்கு முற்றங்களுக்குள் வண்டி நேராக நுழைய முடியவில்லை. தாண்டிப் போய் நின்று, பின்னோக்கித்தான் வர வேண்டியிருந்தது. சைடிங் பயணிகள் பாதையைத் தொடும் இடத்தில் ஒரு காப்புப் பாயிண்டும் இருக்கும். தானாக உருண்டு வரும் பெட்டியைத் தரையில் இறக்கி நிறுத்துவது அதன் வேலை. "இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொம்மை" என்றார் பெரியவர். எனக்கும் அது சரியென்றே பட்டது. பலர் முதலில் விடுவது இதைத்தான்.

உருளும் பெட்டிகளைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்படக் காரணம் உண்டு. 1889 ஜூனில் அயர்லாந்தின் அர்மா அருகே, ஏற்றத்தில் கழற்றி விடப்பட்ட பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, தொடர்ந்து வந்த வண்டியில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். பாயிண்டும் சிக்னலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் முறையையும், பயணிகள் வண்டி முழுவதற்கும் தொடர் பிரேக்கையும் கட்டாயமாக்கிய சட்டம் அதே ஆண்டில் வந்தது.

அப்படியிருந்தும் மேடன் நியூட்டனில் பெட்டிகளை வேண்டுமென்றே உருட்டினார்கள். பிரிட்போர்ட் வண்டி வந்து நிற்கும் நடைமேடைப் பாதை ஒரு முனையில் முட்டி முடிவது. எஞ்சின் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போக அங்கே லூப் இருக்கவில்லை. கிளைப்பாதையோ சந்திப்பை விட்டதும் மேடேறியது. பயணிகள் இறங்கியதும் எஞ்சின் பெட்டிகளை அந்த மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும். கார்டு கைப்பிரேக்கை இறுக்குவார். எஞ்சின் கழன்று, சைடிங்கில் ஒதுங்கும். பிரேக்கைத் தளர்த்தியதும் பெட்டிகள் தாமாக இறங்கி நடைமேடைக்கு வந்துசேரும். பிறகு எஞ்சின் மேட்டுப் பக்கமாக வந்து கோத்துக்கொள்ளும். டீசல் வண்டிகள் வரும்வரை அன்றாடம் நடந்த வேலை இது.

மாதிரியில் அவர்களைத் திணறடித்ததும் இதே வேலைதான். எல்லாவற்றையும் 76-ல் ஒரு பங்காக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. அதே சரிவில் சிறிய பெட்டியும் பெரிய பெட்டியைப் போலவே வேகம் பிடிக்கும். ஆனால் அது கடக்க வேண்டிய தூரம் 76-ல் ஒரு பங்குதானே? அதனால் அச்சு உராய்வு விடும்வரை அசையாமல் நிற்கும், விட்டதும் பாய்ந்து போய் முட்டும். சரிவை மாற்றினார்கள், எடை ஏற்றினார்கள், அச்சைத் தேய்த்தார்கள். இப்போது பெட்டியின் அடியில் சிறு மோட்டார் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். மெல்லக் கிளம்பி, சற்றே வேகம் பிடித்து, நடைமேடையில் கார்டு பிரேக் போடுவதுபோல் நிற்கும்படி அதன் ஓட்டத்தை அமைக்கிறார்கள். ஈர்ப்பின் வேலையை மோட்டார் செய்வது ஏமாற்று என்று ஓர் உறுப்பினர் வாதாடினார். பெரியவர் ஒப்பவில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டியது கார்டின் கைப்பக்குவம், அது எதனால் வந்தாலும் சரி என்றார்.

கண்காட்சியில் இதைக் காட்டும்போது எஞ்சின் சைடிங்கில் சும்மா நிற்கும் நேரத்தைக் குறைக்கலாமா என்று பேச்சு வந்தது. பார்ப்பவர்கள் பொறுமையிழந்து அடுத்த மேசைக்குப் போய்விடுவார்களாம். குறைக்கக் கூடாது என்றேன் நான். அம்மையார் பட்டியலைப் புரட்டி, அந்த நேரத்தில் பிரதான பாதையில் வேமவுத் வண்டி ஒன்றை விடலாம் என்று குறித்துக்கொண்டார்.