85 தொன் இரும்பும் ஒரு கறுப்புச் சில்லும்

மதுரையில் உள்ள உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில் 85 தொன் இரும்பை அடுக்கி, வானிலிருந்து இறங்கும் மியூவோன் துணிக்கைகளைப் பிடிக்கிறார்கள் என்று வாசித்த நாளிலிருந்து அதைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன். வவுணதீவில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான். துணிக்கைகள் பற்றிய பாடத்தை நடத்தும்போது, கையால் தொட்டுப் பார்த்த ஒன்றைச் சொல்ல ஆசைப்பட்டேன்.

ஒருநாள் போய்ப் பார்த்தும்விட்டேன். கருவியின் பெயர் மினி ஐகல். 11 இரும்பு அடுக்குகள், அவற்றின் இடைவெளிகளில் 10 அடுக்குகளாகக் கண்ணாடி உணரிகள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 2 மில்லிமீற்றர் தடிப்பில் வாயு. அதன் குறுக்கே ஏறத்தாழ 10,000 வோல்ற்று. மியூவோன் ஊடுருவிய இடத்தில் மட்டும் சிறு மின்னிறக்கம் நிகழும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் 128 உலோகப் பட்டிகள் அதை உணர்ந்து சொல்லும்.

என் கண் போனது உணரியின் மூலையில் பொருத்தியிருந்த மின்சுற்றுப் பலகைக்கு. அதன் நடுவே ஒரு கறுப்புச் சதுரம்: சைக்ளோன் 4 வகை எஃப்.பி.ஜி.ஏ. சில்லு. உள்ளே எண்ணற்ற தர்க்க அலகுகள் இணைப்பில்லாமல் கிடக்கின்றன. எது எதோடு சேர வேண்டும் என்று வெரிலாக் போன்ற மொழியில் எழுதி ஏற்றினால், 128 பட்டிகளையும் ஒரே கணத்தில் பார்க்கும் மின்சுற்று உருவாகிவிடும். நாளை வேறு விதம் வேண்டுமென்றால் பற்றாசைத் தொட வேண்டியதில்லை, புதிதாக எழுதி ஏற்றினால் போதும்.

“கோட் சரியா இருந்தா மட்டும் பத்தாது சார், டைமிங் மீட் ஆகணும்” என்றார் கூட நின்ற இளம் பொறியாளர். அவருடைய கணினித் திரையில் சிவப்பாக ஒரு வரி. குறி ஒன்று 0.3 நனோ செக்கன் பிந்தி வருகிறது. அந்த நேரத்தில் ஒளியே 9 சென்ரிமீற்றர்தான் போகும்! அதை அப்படியே விட்டால் சில்லு எப்போதாவது ஒருமுறை பிழையாகச் சொல்லும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. நீளமான பாதையை இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு பதிவகத்தை வைத்து, மறுபடி ஓடவிட்டுக் காத்திருந்தார். இந்தப் பொறுமைதான் இந்தத் தொழில் என்று எனக்குப் பட்டது.

குறித்த சில அடுக்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குறி கொடுத்தால்தான் நிகழ்வு பதிவாகும். எங்கள் வாவியில் எந்த மீன் தங்கும், எது தப்பும் என்பது வலைக்கண்ணின் அளவைப் பொறுத்தது. இங்கே அந்தக் கண்ணைப் பின்னுகிறவர் இந்தப் பொறியாளர். ஜெனீவாவில் சேர்ன் ஆய்வுகூடத்தின் சி.எம்.எஸ். கருவியில் இதே வகைச் சில்லுகள் செக்கனுக்கு 4 கோடித் தடவை நிகழும் மோதல்களைப் பார்த்து, ஏறத்தாழ 4 மைக்ரோ செக்கனுக்குள் முடிவெடுத்து, சுமார் ஒரு இலட்சத்தை மட்டும் மேலே அனுப்புகின்றன. விட்டது விட்டதுதான்.

மினி ஐகலின் பெரிய வடிவமாகத் தேனி மலைக்குள் 50,000 தொன்னில் திட்டமிட்ட ஐகல் மக்கள் எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுபோயிருக்கிறது. மலையை நம்பி வாழ்கிறவர்களின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் சில்லுக்குள் மின்சுற்றை எழுதும் இந்தக் கைவேலை அதோடு நின்றுவிடக் கூடாது.

பிள்ளைகள் இதைப் பழக இத்தனை இரும்பு தேவையில்லை. ஐஸ்40 என்ற சிறிய சில்லுக்கு யோசிஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. சேர்ன் தன் மின்சுற்று வடிவமைப்புகள் பலவற்றைத் திறந்த வன்பொருள் களஞ்சியத்தில் எல்லோருக்கும் வைத்திருக்கிறது. முதல் பாடம்: இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் மட்டும் விளக்கு எரிய வேண்டும். மியூவோன் பிடிப்பதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த தவணைக்கு இரண்டு பலகைகள் வாங்கித் தரும்படி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன்.