உப்புக்கு ஒரு மியூசியம் - பில்லை யார் கட்டுவது?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் ஏறினால், பிரம்மதேசம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் காற்றின் வாசனையே மாறிவிடும். அப்புறம் பாத்தி பாத்தியாக உப்பளம், வெள்ளைக் குவியல்கள். மரக்காணத்திலிருந்து ஈ.சி.ஆரில் சென்னைப் பக்கம் போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா வரும். காலேஜ் டூர் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, கேரள வீடு எல்லாம் இருக்கிறது.

டிக்கெட் வாங்கும்போது யாருக்கும் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு. இதற்கெல்லாம் பணம் யார் கொடுத்தது?

தட்சிணசித்ராவை நடத்தும் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் ஆரம்பித்தது 1984-ல். மியூசியம் திறந்தது 1996 டிசம்பரில். நடுவில் 12 வருஷம்! அரசு நிலம் கொடுத்தது. ஃபோர்டு ஃபவுண்டேஷன் மாதிரி அமைப்புகள், கம்பெனிகள், தனி ஆட்கள் என்று பல பக்கமிருந்து பணம் வந்தது. கம்பெனிகள் கலைக்குச் செலவு செய்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது கதை வேறு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு பி.காம் படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். நெட்வொர்த் 500 கோடி, டர்ன்ஓவர் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி - இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகத்துக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் பாரம்பரியம், கலை, பண்பாடு எல்லாம் வரும். மியூசியமும் அதில் அடங்கும்.

ஊழியர்கள் ஒரு நாள் சம்பளம் கொடுத்தால்? அது இந்த 2 சதவீதத்தில் சேராது. கம்பெனி தன் பணத்தைத்தான் கணக்குக் காட்ட முடியும். புதிய வரி முறையில் இருக்கும் ஊழியருக்கு நன்கொடைக்கான 80ஜி சலுகையும் கிடையாது. ஆக, அவர் கொடுப்பது சுத்தமான நன்கொடை! அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் 1954-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. ஊழியர் கல்லூரிக்கு எவ்வளவு கொடுக்கிறாரோ, அதே அளவு கம்பெனியும் போடும். 200 பேர் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தால் ஒரு லட்சம், கம்பெனி பங்கோடு இரண்டு லட்சம். தொகை சின்னதுதான். ஆனால் எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது ஊழியர். இதுதான் முக்கியம்.

ஏனென்றால் பணம் கொடுப்பவர் சுவரில் என்ன எழுதலாம் என்றும் கேட்பார். போபாலில் 2014-ல் திறந்த ரிமெம்பர் போபால் மியூசியம் அரசுப் பணமும் வேண்டாம், கம்பெனிப் பணமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. விஷவாயுவில் தப்பியவர்களின் குரலும், செத்தவர்களின் பொருட்களும் அங்கே இருக்கின்றன. அவர்கள் கதையை அவர்களே சொல்ல வேண்டும் என்றால் வேறு வழி இல்லைதான்.

உப்புக்கு வருவோம். தண்டியில் 2019 ஜனவரி 30-ம் தேதி உப்பு சத்தியாகிரக நினைவிடம் திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அது உப்புச் சட்டத்தை மீறியவர்களுக்கு. தினமும் உப்பை வாருபவர்களுக்கு? குஜராத் கட்ச் பாலைவனத்தில், உப்புத் தொழிலாளி இறந்தால் உடம்பு எரிந்தாலும் கால் பாதம் எரியாது என்று சொல்வார்கள். அவ்வளவு உப்பு ஏறியிருக்குமாம். இதை எந்தக் கம்பெனி தன் லோகோவுக்குக் கீழே மாட்டி வைக்கும்? சந்தேகம்தான்.

மரக்காணத்தில் அப்படி ஒன்று வந்தால் முதல் ரசீது உப்பளத்தில் வேலை செய்பவர் பெயரில் இருக்க வேண்டும், பத்து ரூபாயாக இருந்தாலும் சரி. பெரிய தொகை அப்புறம் வரட்டும். மழைக் காலத்தில் கேட்காதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காகத்தான் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அப்போது உப்பு வாரும் பலகை வீட்டு மூலையில் சும்மா சாய்ந்திருக்கும். பணத்துக்குப் பதிலாக அதைக் கேட்டால் கொடுப்பார்கள்.