ஒரு நிமிஷத்துக்கு 24

அப்பா வாட்ஸப்பில் அதிகம் எழுதுகிறவர் இல்லை. ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிற கூட்டத்திலும் சேர மாட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். மீட்டர் ரீடிங் மாதிரி எண் மட்டும் இருந்தால் அவருக்குப் போதும். 2023 ஜூனிலிருந்து தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு அவரிடமிருந்து எனக்கு ஓர் எண் வரும். 24. மறுநாள் 26. அதற்கு மறுநாள் 23. பெங்களூரில் நான் அநேகமாக ஏதாவது மீட்டிங்கில் இருப்பேன். ஒரு கட்டைவிரல் போட்டுவிடுவேன். எங்கள் இரண்டு பேருக்குள் அதுவரை நடந்ததிலேயே நீளமான உரையாடல் அதுதான். பதினான்கு மாதம் நடந்தது.

வெள்ளச்சி தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறாள் என்பதுதான் அந்த எண்.

வெள்ளச்சிக்கு முன்னால் சீசர் இருந்தான். அல்சேஷன். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வந்தான். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் பால்காரர் முதல் கேபிள்காரர் வரை எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். பத்து வயதில் அவனுக்குப் பின்னங்கால் இரண்டும் விட்டுப் போச்சு. முப்பத்தைந்து கிலோ. கடைசி மூன்று மாதம் அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் சாக்கைத் தொட்டில் மாதிரி பிடித்து அவனை வெளியே தூக்கிப் போவார்கள். 2009-இல் செத்துப் போனான். அப்பா சங்கிலியைக் கழற்றிக் கிணற்றடியில் மாட்டினார். "இனி இந்த வீட்டுல நாயே வேணாம்" என்றார். அந்தச் சங்கிலி துருப்பிடிக்கிற வரை அங்கேதான் தொங்கியது.

நான் அப்போது கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிரச்சினைக்கும் ஒரு தீர்வு இருக்கும், அதை நெட்டில் தேடினால் கிடைக்கும் என்று நம்புகிற வயசு. தேடினேன். கிடைத்தது. சின்ன நாய்கள் பெரிய நாய்களைவிட அதிக காலம் வாழும். அடுத்த லீவில் வந்து அப்பாவிடம் ஒரு பிராஜெக்ட் மாதிரி விளக்கினேன். "பெரிய நாய்னா பத்து வருஷம். பாம் வாங்குனோம்னா பதினாலு, பதினஞ்சு வரும்ப்பா." அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அஞ்சு வருஷம் தள்ளி அழலாங்கிற."

ஆனாலும் 2010 பொங்கல் முடிந்து அவரே போய் வாங்கி வந்தார். துண்டுக்குள் வெள்ளையாக ஒன்று. நான் அதற்குப் 'பிக்ஸல்' என்று பெயர் வைத்தேன். தடுப்பூசி அட்டையில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும். அம்மா ஒரே வாரத்தில் அதை 'வெள்ளச்சி' ஆக்கிவிட்டார். அது அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தது.

நம்ம ஊரில் பொமரேனியன் என்று விற்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்கிற வகை. சின்ன உடம்பு, அதற்குப் பொருந்தாத சத்தம். அவ்வளவு சின்ன உடம்புக்கு ஏன் ஆயுசு அதிகம் என்பது உண்மையிலேயே விசித்திரமான விஷயம். எலிக்கு இரண்டு மூன்று வருஷம், யானைக்கு அறுபதுக்கு மேல். பாலூட்டிகளில் பொதுவாக உடம்பு பெரிசானால் ஆயுளும் பெரிசு. ஆனால் நாய் என்கிற ஒரே இனத்துக்குள்ளே போனால் கணக்கு தலைகீழ். கிரேட் டேன் எட்டு ஒன்பது வருஷத்தில் கிழடாகிவிடும், சிவாவா பதினைந்தைத் தொடும். 2007-இல் நாய்களின் உடலளவை ஆராய்ந்தவர்கள், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணுவில் இருக்கிற ஒரு வேறுபாடுதான் சின்ன நாய்களைச் சின்னதாக வைத்திருப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 2013-இல் ஜெர்மனியின் கோர்னேலியா கிரவுஸ் குழுவினர் 74 இனங்களின் இறப்புத் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். பெரிய நாய்கள் சீக்கிரம் சாவதற்கு முக்கியமான காரணம், அவற்றுக்கு மூப்பு வேகமாக ஓடுவதுதான். தோராயமாக ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் ஒரு மாத ஆயுள் குறைகிறது என்றார்கள்.

சீசர் 35 கிலோ. வெள்ளச்சி 7. வித்தியாசம் 28 கிலோ. அந்தக் கணக்குப்படி எனக்குக் கூடுதலாக வர வேண்டியது பதினான்கு மாதம். அப்பாவிடம் நான் அஞ்சு வருஷம் என்று விற்றிருந்தேன்.

2011-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. நான் வேலைக்குப் பெங்களூர் போனேன். அப்பா ரிட்டையர் ஆனார். அதற்குப் பிறகு வெள்ளச்சியின் வாழ்க்கை அவரோடுதான். விடிகிறதுக்கு முன்னால் மலைக்கோட்டை அடிவாரம் வரைக்கும் நடை. திரும்பும்போது டீக்கடையில் அவளுக்கு ஒரு பொறை. மத்தியானம் அவர் ஈசிசேரில், அவள் கீழே சிமெண்ட் தரையில். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவுக்குக் கொட்டுச் சத்தம் கேட்டாலும், தீபாவளிக்கு முதல் வெடி வெடித்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அப்பாவும் பாயை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்வார். என்னை ஒரு தடவை கூட மடியில் தூக்கி வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லாத மனுஷன்.

நான் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலையில் திண்டுக்கல்லில் இறங்குவேன். கேட்டைத் திறக்கும்போதே வெள்ளச்சி என் மேல் பாய்ந்து, சுற்றி, சிறுநீரும் விட்டு ஒரு ஆட்டம் போடுவாள். பிறகு அப்பா காலடிக்குப் போய்விடுவாள். நான் விருந்தாளி. விருந்தாளிக்குத்தானே அவ்வளவு வரவேற்பு.

நாம் எண்களோடு பிழைக்கிற ஆள் அல்லவா, அவள் போன பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெங்களூரில் இருந்த காலத்தில் கொரோனா மாதங்களைக் கழித்தால் பதினொன்றரை வருஷம். வருஷத்துக்குச் சராசரி 28 நாள் ஊரில் இருந்திருப்பேன். மொத்தம் 322 நாள். அதோடு 2020 மார்ச்சிலிருந்து வீட்டிலிருந்தே வேலை செய்த 19 மாதம். எல்லாம் கூட்டினால் இரண்டரை வருஷம் வரவில்லை. சின்ன நாய் அதிக காலம் இருக்கும் என்று வாதாடியவன் நான். அந்தப் பதினாலரை வருஷம் முழுசாகக் கிடைத்தது வாங்கவே வேணாம் என்றவருக்கு. எனக்கு அவள் ஆயுசு இரண்டரை வருஷம்தான்.

2023 கோடையில் ராத்திரி இருமல் ஆரம்பித்தது. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி கழுத்தை நீட்டி இருமுவாள். எலும்பு மாட்டியிருக்கும் என்று அம்மா வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார். மதுரைக்குக் கூட்டிப்போய் எக்கோ எடுத்தபோதுதான் தெரிந்தது, இதயத்தின் மைட்ரல் வால்வு. வயசான சின்ன நாய்களுக்கு வருகிற நோய்களில் இது ரொம்பப் பரவலானது. வால்வு தடித்துச் சரியாக மூடாமல் போகிறது, ரத்தம் பின்னுக்குக் கசிகிறது, இடது மேலறை வீங்குகிறது, கடைசியில் நுரையீரலில் நீர் கோர்க்கிறது. வேகமாகக் கிழடாகாமல் தப்பித்த உடம்புக்கு, வால்வு தேய்கிற அளவுக்கு நாள் கிடைத்துவிடுகிறது.

பிமோபெண்டான் மாத்திரை காலையும் ராத்திரியும். நீர் பிரிய ஃபுரோசமைட். கூடவே டாக்டர் அப்பாவிடம் ஒரு வேலையும் கொடுத்தார். "நல்லா தூங்குறப்ப வயிறு ஏறி இறங்குறத ஒரு நிமிஷம் எண்ணுங்க சார். முப்பதைத் தாண்டுச்சுன்னா உடனே போன் பண்ணுங்க."

அப்பாவிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் விடுவாரா? பழைய மின்வாரிய டைரியில் கோடு போட்டுத் தேதி, நேரம், எண் எழுத ஆரம்பித்தார். ஒன்பதரைக்கு லைட்டை அணைத்துவிட்டு, மொபைல் வெளிச்சத்தைத் தரைப் பக்கம் திருப்பி, குனிந்து உட்கார்ந்து எண்ணுவார். அம்மா அந்த நேரத்தில் சீரியல் சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது கதவோரம் நின்று அதைப் பார்த்தேன். எழுபது வயது ஆள், ஏழு கிலோ நாயின் பக்கத்தில், தன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பதினான்கு மாதக் கணக்கு ஞாபகம் வந்தது. அது இளமையோடு சேர்ந்து வராது. கூடுதலாகக் கிடைக்கிற நாள் எல்லாம் இப்படித்தான், கடைசியில்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். மாத்திரை, இருமல், நடுராத்திரியில் ஈரத் தரையைத் துடைப்பது, எண்ணுவது. ஆனால் அப்பா அதைக் கஷ்டம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவர் அனுப்பிய 24 வெறும் தகவலும் இல்லை. இன்னைக்கும் இருக்கிறாள் என்பதைத்தான் அவர் அப்படி எழுதினார்.

2024 ஆகஸ்டில் 28, 31, 30, 36 என்று போனது. ஒரு புதன்கிழமை ராத்திரி எண் வரவில்லை. பத்தரை வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் விஷயம் உறுதியாகிவிடும் என்று கூப்பிடவில்லை. பதினொரு மணிக்கு அம்மாதான் பேசினார். "அப்பா மடியிலதான் சாமி போச்சு. அவரு இன்னும் எந்திரிக்கல."

மறுநாள் வேடசந்தூர் பக்கம் எங்கள் முருங்கைக் காட்டில், கிணற்றுமேட்டு வேம்பு அடியில் புதைத்தோம். செம்மண் இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட வேண்டியிருந்தது. குழி சின்னதாகப் போதும் என்று நான் சொன்னேன். அப்பா சீசருக்கு வெட்டின அளவுக்கே வெட்டச் சொன்னார்.

ஆபீஸில் இரண்டு நாள் லீவுக்கு 'குடும்பத்தில் மரணம்' என்று போட்டேன். திரும்பி வந்ததும் ஒருவர் அக்கறையாக "யாருங்க?" என்றார். சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அந்தச் சனிக்கிழமை என்ன தோன்றியதோ, கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே ஆதகூர் கல் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு. தக்கோலம் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்த செய்தியைச் சொல்கிற அதே கல், காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்த காளி என்ற நாய்க்கும் நினைவுக்கல். கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் அதைவிடப் பழையது ஒன்று உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலம். மாடு மீட்கும் சண்டையில் இறந்த வீரனுக்குப் பின்னால் அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்று பெயரோடு வெட்டியிருக்கிறார்கள். இரண்டு கல்லிலும் நாயின் பெயர் இருக்கிறது, அது செய்த காரியம் இருக்கிறது. எத்தனை வயசில் செத்தது என்று இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். வீட்டில் யாரும் கட்டிலுக்கு அடியில் ஒளியவில்லை. இன்னொன்று வாங்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு எழுபத்தி ஒண்ணு தம்பி. நீ சொன்ன மாதிரி பதினஞ்சு வருஷம் இருந்துச்சுன்னா எனக்கப்புறம் அத யாரு பாப்பா? நாங்க அழுதாப் பரவால்ல. அது வாசல்ல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல."

இத்தனை வருஷமும் நாய் நம்மை விட்டுப் போவதைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். கணக்கின் இன்னொரு பக்கம் எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பக்கத்தில் நானும் இருந்தேன், பெங்களூரில்.

பேச்சை மாற்றுவதற்காக ஒரு சூத்திரத்தைச் சொன்னேன். 2020-இல் கலிபோர்னியாவில் லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏவை மனுஷங்களோடு ஒப்பிட்டுப் போட்டது. நாயின் வயசுக்கு இயல் மடக்கை எடுத்து, பதினாறால் பெருக்கி, முப்பத்தொன்றைக் கூட்டினால் மனுஷ வயசு. எல்லா இனத்துக்கும் அப்படியே பொருந்தாது. அப்பா ஆர்வமாகிவிட்டார். "அப்ப திருப்பிப் போடு. எழுபத்தி ஒண்ணுக்கு நாய் வயசு என்ன வரும்?"

போட்டேன். "பன்னெண்டு."

"பன்னெண்டு வயசு நாய யாரு விப்பா?" என்று சிரித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, பெங்களூரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. மணி ஒன்பதரை. அப்பா. ஓர் எண் மட்டும்.

22.

ஈரக் கையோடு கூப்பிட்டேன். "என்னப்பா இது?"

"ஒண்ணுமில்ல. முக்குல ஒரு செவல கிடக்கும்ல, மூஞ்சியெல்லாம் நரைச்சுப் போனது. குளிருதுன்னு நம்ம வாசல்ல வந்து படுத்திருக்கு. சும்மா எண்ணிப் பாத்தேன்."