பஃபிங் ரூமும் நியூஜெர்சி டிரையரும்

நம் ஊரில் "டிரையர்" என்றால் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் இரண்டாவது தொட்டி. துணியைப் போட்டு மூடினால் கடகடவென்று சுற்றும், தண்ணீரைப் பிழிந்து தள்ளும், அவ்வளவுதான். மிச்சத்தை மொட்டை மாடி பார்த்துக்கொள்ளும். அதுவும் வேலூர், ஆம்பூர் பக்கத்து வெயிலைக் கேட்கவே வேண்டாம். மே மாதத்தில் கொடியின் ஒரு முனையில் இருந்து காயப்போட்டுக்கொண்டே போனால், மறுமுனையைத் தொடுவதற்குள் முதல் வேட்டி காய்ந்திருக்கும். (கொஞ்சம் மிகைதான். ஆனால் கொஞ்சம்தான்!) அந்த ஊர்க்காரர் ஒருவர், சூடான காற்றில் துணியை உலர்த்தும் அசல் டிரையருக்கு வைத்தியம் பார்த்த கதை இது.

அவர் ஆம்பூரில் ஒரு டேனரியில் 31 வருடம் வேலை பார்த்தவர். ஆம்பூர் முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. முதலில் பஃபிங், பிறகு மில்லிங் டிரம். தோலை உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துத் தேய்த்து வழவழப்பாக்குவது பஃபிங். அதில் பறக்கும் தூசி மைதா மாவைப் போல நைசாக இருக்கும். மில்லிங் டிரம் என்பது ஓர் ஆள் உள்ளே நிற்கக்கூடிய பெரிய பீப்பாய். காய்ந்த தோலை அதில் போட்டு மணிக்கணக்கில் உருட்டினால் முரட்டுத் தோலும் மெத்தென்று ஆகிவிடும். உருளும்போது தோலில் இருந்து நார் உதிரும். அதைக் காற்றோடு இழுத்து ஒரு ஃபில்டரில் பிடிப்பார்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இழுவை குறையும், தூசி ரூமுக்கே திரும்பும். துணி டிரையரும் கிட்டத்தட்ட இதே சாதனம்தான், சைஸ்தான் சின்னது.

மகள் இருப்பது நியூஜெர்சியில், எடிசன் நகரத்தில். குளிர்காலத்தில் போயிருந்தார். அந்தக் குடியிருப்பில் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று விதி. வெளியிலிருந்து பார்க்க அசிங்கமாம். அவருக்கு இதுவே முதல் அதிர்ச்சி. இரண்டாவது அதிர்ச்சி, ஒரு டவல் காய டிரையரை இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருந்தது. ஓடும்போது அந்த அறையே அடுப்படி மாதிரி கொதித்தது. லேசாக ஒரு கருகல் வாடை.

"காத்து வெளிய போவல" என்றார்.

"ஒவ்வொரு தடவையும் லின்ட் ஸ்கிரீனைச் சுத்தம் பண்ணிடறேனே மாமா" என்றார் மருமகன்.

"வலையத் தட்டிட்டா ஆச்சா மாப்ளே? பின்னாடி கொழாய்ல இன்னா கீதுன்னு பாக்க வேணாவா?"

மருமகன் சொன்னதிலும் தப்பில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வலை, துணியில் இருந்து உதிரும் பஞ்சில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் முழுவதையும் பிடிக்காது. மிச்சம் ஈரக் காற்றோடு பின்பக்கக் குழாய்க்குப் போய், எங்கே வளைவு இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு, வாசனைக்காகவும் மென்மைக்காகவும் டிரையரில் போடும் ஷீட் வலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெழுகுப் படலத்தை உண்டாக்கும். வலையைக் குழாயடியில் பிடித்துப் பார்த்தால் தெரியும். தண்ணீர் ஒழுகாமல் மேலேயே தேங்கி நின்றால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. காற்று போகாவிட்டால் ஈரம் போகாது. ஈரம் போகாவிட்டால் அதிக நேரம் ஓட்டுவோம். சூடு உள்ளேயே ஏறும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த பஞ்சு. மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. 2008 முதல் 2010 வரை அமெரிக்க வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. வருடத்துக்கு 5 சாவு, 100 பேருக்குக் காயம், மூன்றரைக் கோடி டாலர் நஷ்டம். முதல் காரணம், சுத்தம் செய்யாதது. இங்கிலாந்தில் 2004-க்கும் 2015-க்கும் நடுவே விற்ற லட்சக்கணக்கான டிரையர்களில், பஞ்சு சூடேற்றும் கம்பியைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும் அபாயம் இருப்பதாக வேர்ல்பூல் நிறுவனமே 2015-ல் அறிவித்தது. மறு வருடம் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஓர் அடுக்குமாடியில் பிடித்த தீயும் ஒரு டிரையரில் தொடங்கியதுதான்.

மறுநாள் காலை வேலை ஆரம்பம். முதலில் பிளக்கைப் பிடுங்கினார்கள். (இது மின்சார டிரையர். கேஸ் டிரையராக இருந்தால் நாமே இழுத்து நகர்த்தாமல் ஆளைக் கூப்பிடுவதுதான் நல்லது.) மெஷினை முன்னால் நகர்த்தியதும் குட்டு வெளிப்பட்டது. பின்னால் இருந்தது பாம்புச்சட்டை மாதிரி மடிப்பு மடிப்பான ஃபாயில் குழாய். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. கழற்றி உதறினால் தலையணை உறையில் அடைக்கும் அளவுக்குச் சாம்பல் நிறப் பஞ்சு. வெளிச்சுவரில் காற்றுக்குத் திறக்க வேண்டிய மூடியும் பஞ்சு ஒட்டித் திறக்காமல் நின்றிருந்தது. அடிப்பக்கத் தகட்டைக் கழற்றி, மோட்டாரைச் சுற்றி இருந்ததை வேக்குவம் கிளீனரால் இழுத்தார்கள். பழைய குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலு அங்குல வழவழப்பான தகரக் குழாய் வாங்கி வந்தார் மருமகன். ஸ்க்ரூ போடப் போனவரைப் பெரியவர் தடுத்தார். உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும் முனை ஒவ்வொன்றும் பஞ்சைப் பிடித்து வைக்கும், ஃபாயில் டேப் ஒட்டினால் போதும் என்றார். இது எந்த மேனுவலிலும் படித்ததல்ல!

ஆரம்பிக்கும் முன் மகள் ஒரு மாஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டினாள். "துணிப் பஞ்சுக்கா மாஸ்க்கு?" என்று சிரித்தார். "போடுங்கப்பா" என்றாள், சிரிக்காமல்.

பஃபிங் ரூமில் அவர் கட்டியது துண்டு. எல்லோரும் துண்டுதான். அன்றைக்கு என்ன கலர் தோல் ஓடியதோ அந்தக் கலரில்தான் சாயந்திரம் சளி வரும். கறுப்பு ஓடினால் கறுப்பு, பிரவுன் ஓடினால் பிரவுன். இதை அவர் ஒரு வேடிக்கைக் கதையாகவே மகளுக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஊர்கள்தான் இவை. பிறகு குரோமியம் வந்தது, தூசியிலும் வந்தது. அது பதனிடும்போது இருக்கும் வடிவம் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் அந்தத் தூசியை எரித்தால் குரோமியம்-6 என்ற நச்சாக மாறக்கூடும். அதனால் குப்பையோடு கொளுத்தவும் கூடாது. குரோமியம் ஒரு பக்கம் இருக்கட்டும், லெதர் தூசியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. மூக்குக்குள் வரும் புற்றுநோய். மகள் இதைப் படித்தது அமெரிக்கா போன பிறகு, இணையத்தில், அப்பாவின் இருமல் நிற்கவில்லையே என்று தேடியபோது. மூக்கையும் நெஞ்சையும் பரிசோதித்தார்கள், இதுவரை பயப்பட ஒன்றுமில்லை. வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று டவல் ஒரே ஓட்டத்தில் நாற்பது நிமிடத்தில் காய்ந்தது. அறை சூடாகவில்லை. மருமகன் அந்தப் பஞ்சுப் பொட்டலத்தைப் போட்டோ எடுத்து ஆபீஸ் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். அந்த வாரக் கடைசியில் தெரிந்த இரண்டு வீடுகளில் இருந்து "அங்கிளைக் கூட்டிட்டு வரமுடியுமா?" என்று போன்.

ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் சாக்லேட்டோடு ஐம்பது மாஸ்க் உள்ள ஒரு டப்பா. கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் இன்னும் பஃபிங்கில்தான் இருக்கிறார், அவருக்கு. இரண்டு நாள் போட்டாராம். மூச்சு முட்டுது, கண்ணாடியெல்லாம் ஆவி புடிச்சிக்குது என்று மூன்றாம் நாள் துண்டுக்குத் திரும்பிவிட்டார். டப்பா அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பெரியவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறார். இப்போது நாற்பத்தெட்டு.