பொய்ப்பூச்சியும் மெய்க்கெண்டையும்

தூண்டில் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன மூங்கிற்கழி, தக்கை, முள், மண்புழு ஆகிய நான்குமே. ஆற்றங்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு இவற்றை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் புழுவும் இன்றி, பிசைந்த மாவும் இன்றி, இறகையும் நூலையும் முள்ளின்மேல் சுற்றி, அதனைப் பூச்சியென்றே மீனை நம்பச் செய்யும் கலை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனை 'ஃப்ளை' என்பர். எங்கள் வீட்டில் அதற்குப் பொய்ப்பூச்சி என்று பெயர். தில்லியில் மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டு உணவு மேசைமீது, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், நான்கு ஆண்டுகளாக இக்கலை நடைபெற்று வருகிறது. அதைப் பற்றி எழுதுமாறு சங்கத்து நண்பர்கள் கேட்டமையால் இதனை எழுதலானேன்.

பொய்ப்பூச்சி என்பது குளிர்நாட்டு ஓடைகளில் வாழும் டிரௌட் மீனுக்கே உரியது என்பது பலர் எண்ணம். கெண்டைக் குலத்து மீன்களும் அதனை ஏற்கும். நம் புலவர்கள் பெண்களின் கண்ணுக்கு உவமை கூறிக் களைத்த அந்தக் கெண்டைக்கு உலகெங்கும் உறவினர் உண்டு. வங்காளியர் விருந்தில் முதலிடம் பெறும் ரோகுவும் கட்லாவும் அக்குலமே. இமயத்து ஆறுகளின் அரசனாகிய மஹ்சீரும் அக்குலமே. நான் நாடிச் செல்வதோ இவை எல்லாவற்றிலும் எளியதான சாதாக் கெண்டையை. அதிலும், உடலில் ஆங்காங்கே மட்டும் பெருஞ்செதில்கள் பளபளக்கும் கண்ணாடிக் கெண்டையை.

இக்கண்ணாடிக் கெண்டையின் வரலாறு நம் போன்றோர் அறிய வேண்டிய ஒன்று. ஐரோப்பியர் வளர்த்தெடுத்த இம்மீன் இலங்கையிலிருந்து 1939-ஆம் ஆண்டில் நீலகிரிக்குக் கொண்டு வரப்பட்டது. உதகையின் குளிர்ந்த நீரில் அது செழித்தது. பின்னர் 1947-ஆம் ஆண்டில் அங்கிருந்து குமாவோன் மலையிலுள்ள பீம்தால் ஏரிக்குக் கொண்டு சென்று விட்டனர். தில்லியிலிருந்து இரவு வண்டியேறினால் காலையில் காத்கோதாம். அங்கிருந்து மலைப்பாதையில் சிறிது தொலைவு சென்றால் பீம்தால். ஆக, வடக்கே இமயத்தின் அடியில் நாம் காணும் அந்த மீனின் முன்னோர் உதகையிலிருந்து வந்தவர்.

கெண்டையை ஏமாற்றுவது எளிதன்று. அதன் தாடையில் பல் இல்லை; தொண்டைக்குள்ளேதான் பற்கள் உள்ளன. ஆதலின் அது கவ்வுவதில்லை, உறிஞ்சுகிறது. உறிஞ்சியதை வாய்க்குள் சோதித்து, பிடிக்காவிடில் அக்கணமே உமிழ்ந்து விடும். அதன் காற்றுப்பையும் உட்செவியும் சிற்றெலும்புகளால் இணைக்கப்பட்டுள்ளமையால் கரையில் நாம் அழுந்த மிதித்தாலும் அது உணர்ந்து கொள்ளும். மணமும் நன்கறியும், சோப்பும் கொசுத் தைலமும் மணக்கும் கையால் தொட்ட பூச்சியை அது மதிப்பதில்லை. அது விரும்பி உண்பன சேற்றிலுள்ள செந்நிறக் கொசுப்புழுக்கள், தும்பியின் நீர்வாழ் குஞ்சுகள், நத்தைகள், நீரில் உதிரும் கனிகள் ஆகியவை. எனவே நம் பொய்ப்பூச்சியும் இவற்றையே ஒத்திருத்தல் வேண்டும்.

முதலில் எல்லோரும் கட்டிப் பழக வேண்டியது தும்பிக் குஞ்சு. எட்டாம் எண் முள் ஒன்றைச் சிறு இடுக்கியில் அசையாது பிடித்துக் கொள்க. முள்ளின் கூர்முனைக்கருகே பின்னோக்கி நிற்கும் சிறு செதுக்கு உண்டல்லவா, அதனைக் குறட்டால் அழுத்தி மட்டமாக்கி விடுக. தேன்மெழுகு தடவிய பட்டு நூலை முள்ளின் காதருகே தொடங்கி வளைவு வரையில் நெருக்கமாகச் சுற்றுக. அதன்மேல், எரிந்துபோன மின்விசிறியிலிருந்து எடுத்த மெல்லிய செப்புக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றினால் போதிய கனம் கிடைக்கும். மிகுந்த கனம் ஆகாது. 'தொப்'பென்று விழும் பூச்சியைக் கண்டு கெண்டை ஓடும். பிறகு மயில் தோகையின் இழைகள் நான்கினை வளைவருகே கட்டி, அவற்றை நூலோடு சேர்த்து முறுக்கி, முன்னோக்கிச் சுற்றி வருக. தனி இழை எளிதில் அறும்; நூலோடு முறுக்கிய இழை அறாது. நீரில் நனைந்தால் பச்சையும் செம்பும் கலந்து மின்னும் அவ்விழைக்கு ஈடான பொருளை எந்தத் தொழிற்சாலையும் செய்ததில்லை. பழநிக்குச் சென்ற உறவினர் கொணர்ந்த பழைய தோகைக் கட்டு ஒன்றே எங்களுக்கு இதுவரை போதுமானதாக இருக்கிறது.

உடல் முடிந்தபின் கழுத்து. பெட்டைக் கோழியின் கழுத்திறகு ஒன்றை நுனியிற் கட்டி இரண்டே சுற்றுச் சுற்றுக. சேவலின் இறகு விறைப்பானது. நீர்மேல் மிதக்கும் பூச்சிக்கே அது ஏற்றது. பெட்டையின் மெல்லிறகு நீருக்குள் உயிருள்ள கால்கள்போல் அசையும். இறுதியில் நூலின் முனை தன் சுற்றுக்களுக்குள்ளேயே புதையுமாறு முடிச்சிட்டு, அதன்மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் வேலை முடிந்தது.

செங்கொசுப்புழுவுக்கு இவ்வளவும் வேண்டா. சிறிய முள்ளும், குழந்தைகளின் பழைய சுவெட்டரிலிருந்து பிரித்த சிவப்புக் கம்பளி நூலுமே போதும். முசுக்கட்டைக் கனி, அதாவது இங்குள்ளோர் 'ஷாதூத்' என்பது, பழுக்கும் பருவத்தில் ஊதா நிறக் கம்பளியைப் பந்தாகக் கட்டி, கத்தரியால் உருண்டையாக நறுக்கிக் கொள்வோம். நீர்மேல் கிளை நீட்டிய மரத்தடியில் கெண்டை கனிக்காகக் காத்திருக்கும். மற்றப் பூச்சிகள் ஓசையின்றி விழ வேண்டும். இது ஒன்று மட்டும் ஓசையுடன் விழ வேண்டும். அவ்வோசையே அதற்கு அழைப்பு.

இக்கட்டுவேலையை எங்கள் வீட்டில் செய்பவன் நான் அல்லன், என் தந்தையார். அவர் பவானியில் ஐம்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து ஜமக்காளம் நெய்தவர். கூடுதுறைக்குக் கீழே காவிரியில் எனக்குத் தூண்டில் போடக் கற்பித்தவரும் அவரே. தாயார் மறைந்தபின் அவரைத் தில்லிக்கு அழைத்து வந்தேன். முதியோரை ஊரிலிருந்து பெயர்த்து வந்த குடும்பங்களுக்கு அதன்பின் நேர்வதைச் சொல்ல வேண்டுவதில்லை. மொழி தெரியாது, தெருவில் பேச ஆளில்லை, தொலைக்காட்சியும் சாளரமுமே உலகம். உணவு குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஓய்ந்த கைகள் மடிமேல் கிடந்தன. மருத்துவர் நோய் ஒன்றும் இல்லை என்றார்.

ஒரு நாள் நான் முள்ளில் நூல் சுற்றுவதை நெடுநேரம் பார்த்திருந்தவர், "குடு கண்ணு, நூலு தொங்குது பாரு" என்று வாங்கினார். பாவின் அறுந்த இழையைப் பிணைத்துப் பழகிய விரல்கள், நூலைத் தொட்டவுடனே தம் வேலையை அறிந்து கொண்டன. இறுதி முடிச்சை நான் நூலைப் பார்த்துப் பல வாரம் பயின்றேன். அவர் ஒருமுறை பார்த்தே போட்டார். அன்று முதல் மேசையின் தலைமாட்டு இடம் அவருடையது. இப்போது வயது எண்பத்திரண்டு. கண் சற்று மங்கியும் விரல் மங்கவில்லை. பேத்திக்கு நூல் இழுக்கும் பதத்தைச் சொல்லிக் கொடுக்கும் சாக்கில் பவானியின் கதைகள் எல்லாம் வெளிவருகின்றன. தமிழ் பேசக் கூசிய அப்பெண், "தாத்தா, பாவுன்னா என்ன? ஊடைன்னா என்ன?" என்று கேட்கிறாள்.

இரண்டாண்டுகளுக்கு முன் அவரைப் பீம்தாலுக்கு அழைத்துச் சென்றேன். அனுமதிச் சீட்டுப் பெற்று, அனுமதித்த இடத்தில் அமர்ந்தோம். அவர் கட்டிய தும்பிக் குஞ்சை ஏற்றது இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஒரு கண்ணாடிக் கெண்டை. உதகை வரலாற்றை நான் சொன்னதும், "அட, இதும் நம்ம பக்கத்துல இருந்து வந்ததுதானா!" என்று அதன் விலாவைத் தடவினார். அந்த ஆண்டில் அவர் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான்.

ஆயினும் மனிதர்க்கும் மீனுக்கும் உள்ள உவமையை ஓரளவுக்குமேல் நீட்டலாகாது. குடிபெயர்ந்த மனிதர் தாம் சென்ற ஊருக்கு உழைக்கின்றனர். குடிபெயர்த்த மீனோ, அங்கு முன்பே வாழ்ந்த மீன்களின் உணவையும் இடத்தையும் கவர்ந்து கொள்ளக் கூடும். காஷ்மீரத்து ஏரிகளில் சாதாக் கெண்டை பெருகியபின் அந்நாட்டுப் பழைய மீனினங்கள் அருகியமையை மீனியலார் எடுத்துக் காட்டியுள்ளனர். ஆதலின் கெண்டையைப் பிடித்து உண்பதில் எனக்குத் தயக்கமில்லை. அன்று மாலை அது புளிக்குழம்பாயிற்று.

மஹ்சீரைப் பற்றித்தான் எங்களுக்குள் வழக்கு எழுந்தது. பொன்னிற மஹ்சீரைப் பொய்ப்பூச்சியால் பிடித்து, படமெடுத்து, உயிரோடு திரும்ப விடும் வழக்கம் மலையாறுகளில் உண்டு. நண்பர் சிலர் அழைத்தனர். எனக்கும் ஆவல் இருந்தது. தந்தையாரோ, "திங்காத மீனப் புடிக்கக் கூடாது கண்ணு, அது வெளையாட்டில்ல" என்று ஒரே சொல்லில் முடித்தார். திரும்ப விடுவதால் மீன் பிழைக்கிறதே, அதனைக் காண வருவோரால் ஆற்றுக்கும் ஒரு காவல் கிடைக்கிறதே என்று வாதாடினேன். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நெடுநேரம் போராடிக் களைத்த மீன், வெப்பமான நீரில் விடப்பட்டபின் இறப்பதும் உண்டு. அந்த மீன் 2010-ஆம் ஆண்டு முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் நிலையில் உள்ளதாகக் குறிக்கப்பட்டுள்ளது. அணைகள் அது முட்டையிடச் செல்லும் வழியை மறிக்கின்றன. வெடியும் நஞ்சும் வைத்துப் பிடிப்போரும் உளர். இறுதியில் நான் அந்த அழைப்பை ஏற்கவில்லை. தந்தைக்கு அடங்கியதனால் மட்டுமன்று, கணக்குப் பார்த்ததனாலும்.

நம் காவிரியிலும் ஒரு மஹ்சீர் உண்டு. முதுகு கூன்போல் உயர்ந்த பெருமீன் அது. தமிழில் பூமீன் கெண்டை என்ற பெயர் மஹ்சீர் இனத்துக்கு வழங்குகிறது. காவிரியின் துணையாறாகிய கபினியில் 1946-ஆம் ஆண்டில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தினர் ஒருவர் 120 இராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள ஒன்றைப் பிடித்தார். அத்தகைய மீனுக்கு அறிவியற்பெயர் இன்னது என்பது 2018-ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாகவும் அறிவிக்கப்பட்டது. பெயர் பெறுவதற்குள் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. வேற்று நீர்நிலைகளுக்குரிய மஹ்சீர்க் குஞ்சுகளைக் காவிரியில் பெருமளவில் விட்டதும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றென ஆய்வாளர் கூறுவர். தந்தையாரிடம் இதனைப் படித்துக் காட்டினேன். அவர் கையிலிருந்த நூலைச் சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தார்; பிறகு சுற்றலானார்.

கட்ட விரும்பும் அன்பர்க்கு இன்னொரு செய்தி. பழைய ஆங்கில நூல்களில் நம் மலைகளின் காட்டுக்கோழிச் சேவலுடைய கழுத்திறகு வேண்டும் என்று காணப்படும். மெழுகு சொட்டியதுபோன்ற புள்ளிகளையுடைய அவ்வழகிய இறகு ஒருகாலத்தில் நம் நாட்டிலிருந்து கப்பலேறி, இங்கிலாந்தின் சால்மன் தூண்டில்களை அலங்கரித்தது. காட்டுக்கோழியை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அதனை நாடற்க. வீட்டுக்கோழியின் இறகு, பழைய கம்பளி, அறுந்த செப்புக் கம்பி ஆகியவையே போதும். கெண்டை அதற்குமேல் கேட்பதில்லை.

வீட்டில் முதியோர் உள்ளவர்கள், அவர்கள் தறியிலோ தையலிலோ பூக்கட்டுவதிலோ கை பழகியவர்களாயின், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குமேல் எங்கள் இல்லத்துக்கு அழைத்து வரலாம். இடுக்கிகள் இரண்டு உபரியாக உள்ளன, தந்தையார் கற்பிப்பார். மீன் பிடிக்க விரும்பாதவரும் வரலாம்; கட்டுவதற்கு மீன் வேண்டியதில்லை. சிறு குழந்தைகளை அழைத்து வருவோர் மட்டும் அவர்களை மேசைக்கு எட்டாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். பூச்சி பொய்யாயினும் முள் மெய்.